கடித்த தடமும் நின்ற செடியும்: ஊவா மலைக்காடுகளின் கீழடுக்கு

காட்டின் கீழடுக்கு என்பது தரையிலிருந்து ஓர் ஆளின் கையெட்டும் உயரம் வரை நிற்கும் செடி, கொடி, புல், பெரணி, மரக்கன்று எல்லாம் சேர்ந்தது. அங்கே எது முளைக்கும் என்பதை வெளிச்சமும் மண்ணும் ஈரமும் தீர்மானிக்கின்றன. முளைத்ததில் எது நிலைக்கும் என்பதைப் பெரும்பாலும் விலங்கின் வாய் தீர்மானிக்கிறது. ஒரு கன்று மரமாவதற்குமுன் பல ஆண்டுகள் மரைக்கும் மானுக்கும் முயலுக்கும் எட்டும் உயரத்திலேயே நின்றாக வேண்டும். அந்த ஆண்டுகளில் அது எத்தனை முறை கடிபட்டது, எந்தப் பருவத்தில் கடிபட்டது, பக்கத்தில் நின்ற செடி தப்பியதா என்பவைதான் ஐம்பது ஆண்டு கழித்து அங்கே எந்த மரம் நிழல் தரும் என்பதை முடிவு செய்கின்றன. தாவரக் கணக்கெடுப்பில் இருப்போர் செடிகளின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டு வருவது வழக்கம். கடித்த தடத்தை எழுதாத கணக்கு பாதிக் கணக்குதான்.

இந்த வேலையைப் பழக ஹாலிஎல மிக வசதியான இடம். பதுளு ஓயாப் பள்ளத்தாக்கில், பதுளைக்கு அடுத்த ரயில் நிலையமாக இருக்கும் இந்தச் சிற்றூரைச் சுற்றிப் பத்தனைப் புல்வெளியும் பைன் காடும் தேயிலையும் மாறி மாறிக் கிடக்கின்றன. ஒரு பக்கம் 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்த நமுனுகுல மலை. அதன் உச்சியில் மலைக்காடு, சரிவில் ஸ்பிரிங்வெலி முதலான தோட்டங்கள். ரயிலேறி தெமோதர, பண்டாரவளை, ஹப்புத்தளை வழியாக ஒஹியவில் இறங்கினால் ஊவாவின் எல்லையில் ஹோட்டன் சமவெளியின் முகில் காடு. பஸ்ஸில் பிபிலைப் பக்கம் கீழே போனால் நில்கலவின் மரம் நின்ற புல்வெளி. மூன்றும் கிட்டக் கிட்ட இருந்தாலும் மேயும் விலங்கு வேறு, மேய்ச்சலின் கடுமை வேறு. ஆகவே கீழடுக்கும் வேறு.

மேய்ச்சலைப் புல்லும் செடியும் ஒரே மாதிரி தாங்குவதில்லை. புல்லின் வளர்முனை தரையை ஒட்டி அடியில் இருக்கிறது. மேலே இலை போனாலும் அடியிலிருந்து புது இலை வந்துவிடும். அகன்ற இலைச் செடிக்கும் மரக்கன்றுக்கும் வளர்முனை உச்சியில் இருக்கிறது. உச்சி போனால் இலைக்கக்கத்தில் உறங்கும் மொட்டுகள் விழித்துப் பக்கக் கிளை விடுகின்றன. தோட்டத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேயிலையைத் தன் போக்கில் விட்டால் அது உயர்ந்த மரம். கவ்வாத்து வெட்டி, முறை தவறாமல் கொழுந்து கிள்ளுவதால்தான் இடுப்பளவில் தட்டையாக, நெருங்கிய கிளையோடு நிற்கிறது. மரை திரும்பத் திரும்ப வரும் காட்டோரத்தில் மரக்கன்றுகளும் இந்த வடிவத்தைத்தான் எடுக்கின்றன. முழங்கால் உயரம், நெருங்கிய குச்சிகள், ஆனால் அடித்தண்டு மட்டும் பருத்திருக்கும். உயரத்தை மட்டும் எழுதுகிறவர் அதை நேற்று முளைத்த கன்றாகப் பதிந்துவிடுவார். உண்மையில் அது பல ஆண்டுகளாக அதே இடத்தில் கடிபட்டுக்கொண்டு காத்து நிற்கும் மரம். அனுபவமுள்ளவர்கள் உயரத்தோடு அடித்தண்டின் சுற்றளவையும் அளப்பது இதனால்தான். ஆயினும் தேயிலைக்கு ஓய்வு கொடுத்து, வேரில் மாச்சத்து சேர்ந்த பிறகுதான் கவ்வாத்து வெட்டுவார்கள். காட்டுக் கன்றுக்கு அப்படித் தவணை கிடைப்பதில்லை. ஒவ்வொரு கடிக்கும் வேரின் சேமிப்பிலிருந்து எடுத்துத் தளிர் விட வேண்டும். சேமிப்புத் தீர்ந்த வறட்சியில் அடுத்த கடி விழுந்தால் கன்று அத்தோடு போய்விடும்.

யார் கடித்தது என்று அறிவது இந்தத் தொழிலின் முதல் பாடம். மரை, புள்ளிமான், கேளையாடு, மாடு, ஆடு ஆகிய அசைபோடும் விலங்குகளுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. அங்கே தடித்த ஈறுதான் உண்டு. கீழ்ப்பல்லால் அழுத்தி இழுத்தே ஒடிக்கின்றன. ஆகவே குச்சியின் முனை கிழிந்து, ஒரு பக்கம் நார் தொங்கும். முயலுக்கும் முள்ளம்பன்றிக்கும் மேலும் கீழும் உளிப்பற்கள். அவை கடித்த முனை கத்தியால் சாய்த்து வெட்டியது போலச் சுத்தமாக இருக்கும். குரங்கு இளந்தண்டைக் கையால் முறித்து, பாதியைத் தின்று மீதியைக் கீழே போடும்; செடியின் அடியில் இலை சிதறிக் கிடந்தால் முதலில் மேலே பார்க்க வேண்டும். இலை தின்னும் பூச்சி இலையின் நடுவையும் ஓரத்தையும் அரிக்குமே தவிர குச்சியைத் தொடாது. மழை இரண்டு பெய்தபின் கிழிந்த நார் உதிர்ந்து முனை கறுத்துவிடுவதால், புதுக் கடி எது, பழங்கடி எது என்று அன்றைக்கே பிரித்து எழுதுவது நல்லது.

உயரமும் சாட்சி சொல்லும். முயலும் சருகுமானும் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையில் வேலையை முடித்துக்கொள்கின்றன. கேளையாடு இடுப்பளவு வரை எட்டும். மரை கழுத்தை நீட்டினால் ஆளுயரத்தைத் தாண்டும். மரை மிகுந்த காட்டில் அந்த உயரத்துக்குக் கீழே இலையே இல்லாமல், மேலே மட்டும் பச்சை தொடங்கும் ஒரு கோடு தெரியும். அந்த மேய்ச்சல் கோடு தெளிவாகத் தெரியத் தொடங்கினால் காட்டின் இளந்தலைமுறை நெருக்கடியில் இருக்கிறது என்று பொருள். பட்டையும் அப்படியே. அடித்தண்டில் சின்னச் சின்னப் பல்தடத்தோடு பட்டை கொறிக்கப்பட்டிருந்தால் முள்ளம்பன்றி. நெஞ்சளவில் கீழிருந்து மேலாக நீளமாக உரிந்திருந்தால் மரையின் பல். பட்டை நாராகக் கிழிந்து தண்டு மழமழவென்று தேய்ந்திருந்தால் ஆண்மரை கொம்பு உரசியது. பட்டை தண்டைச் சுற்றி முழு வளையமாகப் போன மரம் பிழைக்காது. சந்தேகம் தீராவிட்டால் புழுக்கை இருக்கவே இருக்கிறது: முயலின் புழுக்கை உருண்டையாக, உலர்ந்து, நாராகப் பிய்யும், மரையின் புழுக்கை பெரியது, நீள்வட்டம், ஒரு முனை சற்றுக் கூர்ந்திருக்கும்.

ஹாலிஎலயைச் சுற்றி இன்று இந்தத் தடங்களைத் தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் சிறு விலங்குகளுடையவை. ஓடையோரக் காட்டில் சருகுமான், கேளையாடு, தேயிலை ஓரத்தில் முயல், முள்ளம்பன்றி, எங்கும் காட்டுப்பன்றி. பெரிய வாய்கள் போய்விட்டன. அவை போனது நேற்றல்ல. காட்டெருது இலங்கையில் இருந்ததற்கு எலும்புச் சான்று உண்டு. 1681இல் வெளியான தன் நூலில் ரொபர்ட் நொக்ஸ் கண்டி அரசனிடம் அது இருந்ததைக் குறிப்பிடுகிறார். அதன்பின் அது இல்லை. யானையின் கதை இன்னும் துயரமானது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயரெடுத்தவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். பதுளையில் உள்ள புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது. அவர் ஒருவர் மட்டுமல்ல. யானைத் தலைக்கு அரசே பணம் கொடுத்த காலம் அது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டதாக எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் நாய்களை விட்டு மரை வேட்டையாடியதைப் புத்தகமாகவே எழுதினார். இதே காலத்தில் கோப்பிக்காக மலைச்சரிவுகள் வெட்டப்பட்டன.

தாவரவியலாளர் ஊவாவின் செடிகளை முறையாகப் பட்டியலிடத் தொடங்கியபோது மேய்ந்த பெரிய விலங்குகளில் பல ஏற்கெனவே போய்விட்டிருந்தன. எச். எச். டபிள்யூ. பியர்சன் பத்தனைகளின் தாவரங்களைப் பற்றி எழுதியது 1899இல், சி. எச். ஹோம்ஸ் இலங்கையின் புல்வெளிகளை வகைப்படுத்தியது 1951இல். அவர்கள் கண்டது யானை நடந்த பத்தனை அல்ல. யானை போய் அரை நூற்றாண்டும் ஒரு நூற்றாண்டும் கழிந்த பத்தனை. பத்தனை இயற்கையாகவே புல்வெளியா, காடு எரிந்து புல்லானதா என்ற நெடுங்கால வாதத்தில் மண், மழை, காற்று, நெருப்பு எல்லாவற்றுக்கும் இடமுண்டு. மேய்ந்த விலங்கின் பங்கு அதில் போதிய அளவு பேசப்படவில்லை. அதைச் சேர்க்காமல் இந்த வாதம் முடியாது.

உலர் பத்தனையின் தலைமைப் புல் மானாப் புல். இளங்குருத்தாக இருக்கும்போது அதை மாடும் மானும் தின்னும். முற்றினால் எண்ணெய் வாசமும் கரடும் ஏறி எந்த வாயும் தொடாது. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசும்போது முற்றிய மானா காய்ந்து நிற்கும், ஒரு பொறி போதும். நெருப்புக்குப் பின் மழை விழுந்ததும் குருத்து வரும், அதைத் தேடி விலங்கு வரும். பெரிய மேய்ச்சல் விலங்குகள் இருக்கும் புல்வெளியில் புல் முற்றுமுன் ஒரு பகுதி தின்னப்படுவதால் நெருப்பு திட்டுத்திட்டாக ஓடும். நெருப்பு ஓடாத திட்டில் மரக்கன்று தலைதூக்கும். தின்ன ஆளில்லாத புல்வெளியில் நெருப்பு ஒரே மூச்சில் மலையைத் துடைத்துவிட்டுப் போகிறது. இன்று பைன் காட்டுக்கு அடியிலும் இதுவே நடக்கிறது: ஊசியிலைச் சருகு, மானா, நெருப்பு, மறுபடி மானா. அந்தத் தரையில் காட்டு மரக்கன்று ஒன்றைக் கண்டால் களப்பணியாளர் நின்று குறித்துக்கொள்வது அது அவ்வளவு அரிது என்பதால்தான்.

பத்தனையிலும் நில்கலவிலும் நெருப்பைத் தாங்கி நிற்பவை நெல்லி, கடுக்காய், தான்றி, வேங்கை, கஹட்ட முதலான தடித்த பட்டை மரங்கள். இவற்றுள் நெல்லிக்கும் மானுக்கும் உள்ள உறவு தனித்துச் சொல்லத்தக்கது. உதிர்ந்த நெல்லிக்காயை மான் முழுதாக விழுங்கும். பின்பு எங்கோ நிழலில் படுத்து அசைபோடும்போது கடினமான கொட்டையை வாய் வழியே துப்பிவிடும். வட இந்தியாவின் ராஜாஜி தேசியப் பூங்காவில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. சாணத்தில் தேடினால் நெல்லி விதை கிடைக்காது. மான் படுத்த இடத்தில் தேட வேண்டும். ஆகவே மேயும் விலங்கு கீழடுக்கைத் தின்று குறைப்பதோடு நிற்பதில்லை, அதில் நடவும் செய்கிறது. மான் போன நெல்லித் திடலில் காய் தாய்மரத்தின் காலடியிலேயே குவிந்து கிடக்கும். மரம் நிற்கிறதே என்று திருப்திப்படுவோர் அதன் கன்று எங்கே என்றும் கேட்க வேண்டும்.

எதிர்ப்பக்க உதாரணம் ஹோட்டன் சமவெளி. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல், ஏறத்தாழ 3,160 ஹெக்டேயர். 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது; 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 5,000 அடிக்கு மேல் காடு வெட்டக் கூடாது என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி 1873இல் வந்த தடைதான் இந்தக் காட்டைக் கோப்பியிலிருந்தும் தேயிலையிலிருந்தும் காத்தது. இங்கே யானை இல்லை. மரை இருக்கிறது, 1,500 முதல் 2,000 வரை என்று பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை சரியானால், சதுர கிலோமீற்றருக்கு ஐம்பது அளவில் வரும். ஓர் ஆண்மரை 200 கிலோவைத் தாண்டும் விலங்கு. அதற்கு இது பெருங்கூட்டம்.

இவ்வளவு மரை சேர்ந்ததற்குக் காரணம் ஒன்றல்ல. வேட்டை நின்றது முதற்காரணம். தென்னிந்திய மலைகளில் மரையைப் பிடிக்கப் புலி, செந்நாய், சிறுத்தை மூன்றும் உண்டு. இலங்கையில் சிறுத்தை மட்டுமே; இது இரண்டாவது. மூன்றாவது காரணம் மனிதர் விட்டுச்சென்றது. சரணாலயமாவதற்குமுன் சமவெளியின் ஒரு பகுதியில் உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். பயிர் போனபின் அந்த நிலத்தில் கிக்குயு என்ற ஆபிரிக்கப் புல் படர்ந்து கம்பளம் போட்டது. உள்ளூர்ப் புற்கள் குத்துக்குத்தாக, கரடாக வளர்பவை. கிக்குயு மெல்லியது, சத்துள்ளது, கடித்த மறுநாளே துளிர்ப்பது. மாலையில் மரைக்கூட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் பழைய உருளைக்கிழங்கு நிலத்தின் எல்லையை வரைந்துவிடலாம். புல்வெளி கூட்டத்தைப் பெருக்குகிறது. பெருகிய கூட்டம் பகலில் காட்டுக்குள் ஒதுங்கி அங்கே கன்றுகளைக் கடிக்கிறது. புல்லில் கிடைத்த உணவின் விலையை மரக்கன்று கொடுக்கிறது.

அந்தக் காட்டில் 1970கள் முதல் கீன மரம் முதலானவை நுனியிலிருந்து பட்டுப்போய்க் கூட்டங்கூட்டமாக இறந்து வருகின்றன. நீர்ப்பற்றாக்குறை, மண்ணின் அமிலத்தன்மை, காற்று மாசு, நோய்க்கிருமி என்று பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. மரத்தைக் கொன்றது மரை என்று சொல்ல முடியாது. ஆனால் இறந்த மரத்தின் இடத்தை நிரப்ப வேண்டிய கன்று மரையின் வாய்க்குள் போகிறது. கூரை திறந்து வெளிச்சம் விழுந்த இடத்தில் புல்லும் களையும் ஏறும், அதைத் தேடி மரை இன்னும் உள்ளே வரும், திறப்பு இன்னும் அகலும். மரணத்துக்கு ஒரு காரணமும் மீளாமைக்கு வேறொரு காரணமும் இருக்கக்கூடும் என்பதை இந்த இடம் நன்றாகக் கற்றுத்தருகிறது.

முகில் காட்டின் கீழடுக்கில் மிகுந்து நிற்பது நெலு. தமிழர் குறிஞ்சி என்று அறிந்த செடியின் பேரினம். இலங்கையில் முப்பதுக்கு மேற்பட்ட நெலு இனங்கள் உண்டு. பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை. பல ஆண்டுகள் இலையும் தண்டுமாக வளர்ந்து, ஒரே காலத்தில் மலை முழுதும் பூத்து, விதை விட்டு, ஒன்றாக இறப்பது இவற்றில் பலவற்றின் வழக்கம். ஹோட்டன் சமவெளியில் 2013இல் பன்னிரண்டு ஆண்டுக்குப் பிந்திய பெரும் பூப்பைக் காண ஊரே திரண்டது. இப்படிக் காத்திருந்து ஒன்றாகப் பூப்பதற்கு 1976இல் சூழலியலாளர் டேனியல் ஜான்ஸென் மூங்கிலை வைத்துச் சொன்ன விளக்கம் நெலுவுக்கும் பொருந்தும்: இடைப்பட்ட ஆண்டுகளில் விதை தின்னும் வாய்கள் பசியால் குறையும், பூத்த ஆண்டில் இருக்கும் வாய்களெல்லாம் சேர்ந்தாலும் தின்று தீர்க்க முடியாத அளவு விதை விழும். மீந்தது முளைக்கும். அதாவது இந்தச் செடியின் வாழ்நாள் அளவே தின்பவர்களை வைத்து அமைந்தது.

அதற்கு நல்ல சாட்சி பழைய கோப்பித் தோட்டங்களிலிருந்து வருகிறது. கோப்பி எலி என்று பெயர் வாங்கிய சிறு எலி காட்டு மரவேரில் கூடு வைத்து, நெலு விதை உள்ள காலத்தில் அதைத் தின்று வாழ்ந்தது. விதை தீர்ந்த ஆண்டில் கூட்டமாக இறங்கித் தோட்டத்துக்குள் வந்து கோப்பியின் மொட்டையும் பூவையும் தின்றது. ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலிவரை கொல்லப்பட்டதாகவும், தமிழ்த் தொழிலாளர் அதை எண்ணெயில் பொரித்தும் கறி வைத்தும் உண்டதாகவும் டெனன்ட் 1861 நூலில் எழுதினார். மலையகத்துக்கு வந்த முதல் தலைமுறைகளின் சமையலறை வரை காட்டுக் கீழடுக்கின் கணக்கு எட்டியிருக்கிறது. அந்த மக்கள் காட்டை எவ்வளவு கூர்ந்து கவனித்திருப்பார்கள் என்பதை அக்காலத்து நூல்கள் அதிகம் பேசாதது பெரிய இழப்பு. நெலு விதையைக் காட்டுக்கோழி வயிறுமுட்டத் தின்னும் என்ற செய்தியும் அக்காலத்து நூல்களில் உண்டு. பூத்து முடிந்து நெலு இறந்ததும் காட்டுத் தரைக்குத் திடீரென்று வெளிச்சம் கிடைக்கிறது. அடுத்த நெலு மூடுவதற்குள் மரக்கன்றுகளுக்குக் கிடைக்கும் தவணை அது. மரை அதிகமான இடத்தில் அந்தத் தவணை வீணாகிறது. கணக்கெடுக்கும் ஆண்டு நெலு பூத்த ஆண்டா, இறந்த ஆண்டா, முளைத்த ஆண்டா என்று தாளின் தலைப்பிலேயே எழுதாத பதிவைப் பின்னாளில் ஒப்பிட இயலாது.

யானை செய்வது வேறு வகை. அது கடிப்பதோடு முறிக்கிறது, உரிக்கிறது, பிடுங்குகிறது, பாதை போடுகிறது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் டீட்டர் முல்லர்-டொம்போயிஸ் ருகுணு தேசியப் பூங்காவின் மரங்களில் யானை ஒடித்து உருமாற்றிய கிளைத்தலைகளை அளந்து 1972இல் எழுதினார். பல மரங்கள் உருக்குலைந்திருந்தன, ஆனால் காடு அழியவில்லை. முறிந்த மரம் தாழ்வாகத் தழைத்தது. அந்தத் தாழ்ந்த தழை மானுக்கும் எட்டும். தமிழ்நாட்டின் முதுமலையில் 1988இல் தொடங்கிய 50 ஹெக்டேயர் நிரந்தர ஆய்வுத் திடலில் கிடியா என்ற சிறுமரத்தை யானை தேடித்தேடி முறித்ததால் அதன் எண்ணிக்கை வேகமாகக் குறைந்தது. ஆய்வாளர் சுகுமாரும் அவருடைய குழுவினரும் ஒவ்வோராண்டும் எண்ணிப் பதிந்ததால்தான் அது தெரிந்தது. விலங்குக்கு விருப்பு வெறுப்பு உண்டு, எல்லாச் செடியும் சமமாகக் கடிபடுவதில்லை என்பதே இங்கே அடிப்படை.

விருப்பு வெறுப்பின் விளைவு நெடுங்காலத்தில் காட்டின் முகத்தையே மாற்றும். ஜப்பானின் நாரா நகரத்தில் மான்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேலாகக் காக்கப்பட்டு வருகின்றன. அங்கே மான் தொடாத நச்சுப் புதர்கள் மிகுந்து நிற்கின்றன; அவ்விடத்துக் காஞ்சொறிச் செடியில், மான் இல்லாத இடத்துச் செடியைவிடப் பல பத்து மடங்கு கூடுதலாகச் சுணை முடிகள் இருப்பதை ஆய்வாளர்கள் எண்ணிக் காட்டினார்கள். ஹோட்டன் சமவெளியில் மரையின் இதே விருப்பு வெறுப்பால் பயனடைவன பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவை. ஐரோப்பிய முட்புதரான கோர்ஸ் முள்ளால் தப்பிக்கிறது. பெரணி நஞ்சால் தப்பிக்கிறது. கீழே ஹாலிஎலச் சரிவுகளில் உண்ணிச்செடி அப்படியே: அசைபோடும் விலங்குகளுக்கு அதன் இலை நஞ்சு, பறவைக்கு அதன் பழம் விருந்து. பக்கத்துச் செடியை விலங்கு தின்னத் தின்ன இதற்கு இடம் கிடைக்கிறது. களையைப் பிடுங்குவது மட்டும் தீர்வாகாமல் போவது இதனால்தான். பிடுங்கிய இடத்தில் நட்ட நல்ல செடியை விலங்கு தின்றுவிட்டால் களை திரும்ப வரும்.

மேய்ச்சலின் பங்கை உறுதியாக அறிய நம்பகமான வழி வேலியடைப்பு. ஒரே சரிவில், ஒரே நிழலில், அருகருகே இரண்டு திடல்கள். ஒன்றைச் சுற்றிக் கம்பிவலை, மற்றது திறந்தது. வேலி போடுமுன் இரண்டையும் எண்ணிவிட வேண்டும். தொடக்கத்தில் இருந்த வேறுபாட்டைப் பின்னால் விலங்கின் தலையில் போடக் கூடாது. வலையின் அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டால் முயல் போகும், மரை போகாது. இப்படி ஒன்றும், முற்றாக மூடியது ஒன்றும் வைத்தால் சிறு வாயின் வேலையையும் பெரிய வாயின் வேலையையும் பிரிக்கலாம். வேலிக்கம்பத்தில் பறவை அமர்ந்து விதை எச்சமிடும், ஆகவே ஓரத்து ஒரு மீற்றரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கன்றுக்கு அடையாளம் கட்ட வண்ண நாடா உதவாது, குரங்கு அவிழ்த்துவிடும். மழுங்கிய அலுமினியத் தகடு நிற்கும். தோட்டத்து மாடு திறந்த திடலில் மேய்ந்தால் காட்டு விலங்கின் கணக்கு கெட்டுவிடும்; மாட்டுக்காரர்களிடம் பேசி ஒப்புக்கொள்ள வைப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதிதான்.

முதலாண்டு முடிவை நம்பி அறிக்கை எழுதுவது ஆபத்து. வேலிக்குள் முதலில் புல்தான் பொங்கும். உயர்ந்த புல், மேய்ச்சலில் பிழைத்திருந்த குட்டைச் செடிகளையும் சிறு ஆர்க்கிட்டுகளையும் நிழலில் மூடிக் கொல்லும். அந்த ஆண்டில் எண்ணினால் வேலிக்கு வெளியே செடிவகை அதிகம், உள்ளே குறைவு. பின்பு புதரும் மரக்கன்றும் புல்லைத் தாண்டியதும் கணக்கு மாறும். இரண்டு நிலையும் உண்மையே. மிதமான மேய்ச்சல் வலுத்த செடியை அடக்கி மெலிந்ததுக்கு இடம் தருகிறது. மிகையான மேய்ச்சல் இரண்டையும் துடைக்கிறது. மேய்ச்சலே இல்லாமை வலுத்ததிடம் எல்லாவற்றையும் ஒப்படைக்கிறது. எது மிதம் என்பதற்குப் பொது எண் கிடையாது. மழை, மண், செடியின் வகை, விலங்கின் வகை ஒவ்வொன்றையும் பொறுத்து அது இடத்துக்கிடம் மாறும்.

ஹாலிஎலப் பக்கத்தில் ஓடையோரக் காடுகளை மீட்க நடுவோருக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை தெளிவானது. நடுமுன் ஒரு பருவம் முழுதும் நிலத்தில் கடித்தடம், புழுக்கை, பன்றி கிளறிய மண் மூன்றையும் பதிய வேண்டும். முயல் மட்டும் இருக்கும் இடத்தில் முழங்காலளவு வலைக்கூடு போதும். கேளையாடு வரும் இடத்தில் நெஞ்சளவு வேண்டும். முள்ளம்பன்றி இருந்தால் வலையின் அடியை மண்ணில் புதைக்க வேண்டும். பன்றி கிளறும் இடத்தில் கிழங்குச் செடிகளைக் கடைசியில் நடுவது நல்லது, கிளறிய மண்ணில் முதலில் முளைப்பது களை என்பதால் மழைக்குமுன் மூடாக்கு இட வேண்டும். நெல்லியும் வேங்கையும் போன்ற, கடிபட்டாலும் அடியிலிருந்து துளிர்க்கும் மரங்களை வெளி ஓரத்திலும், உச்சி போனால் மீளாதவற்றை உள்ளேயும் வைப்பது வழக்கம். கன்றின் நுனி அந்த இடத்து விலங்கு எட்டும் உயரத்தைத் தாண்டியதும் கூட்டைக் கழற்றலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றாமல், பத்தில் ஒன்றைத் திறந்து, ஒரு வறட்சி கடந்தபின் கடியை எண்ணி, பிறகு மற்றவற்றைத் திறப்பார்கள்.